பின்பக்கம் வெடித்த கோட்டை

“பிள்ளை, கோட்டை மாத்தப் போறம். பூவும் அதுக்கேத்தமாதிரி மாறோணும், பூக்காரரிட்டையும் சொல்லிவிடு.”

தொலைபேசியில் சுவாம்பிள்ளை அங்கிள் சொன்னதும் வசந்தினியின் தலையில் இடி விழுந்தது. மெல்பேர்னிலிருந்து இரண்டு மணி நேரத் தூரம், ஆட்டுப்பட்டிகளுக்கு நடுவே ஒரு கல்கோட்டை. அங்கே கலியாணங்களை ஒழுங்குசெய்வது அவள் வேலை. அங்கிளின் மகன் எறிக்கின் கலியாணத்துக்கு இன்னும் மூன்றே வாரம். அது கைநழுவினால் வேலை போகும். வேலை போனால் விசாவும் போகும்.

“ஏன் அங்கிள்?”

“பழசு பிள்ளை. பின்பக்கம் வெடிச்சிருக்கு.”

“பழசெண்டாலும் வரலாறு இருக்கெல்லோ! ஸ்கொட்லண்ட் கம்பளி வியாபாரி ஒருத்தர் தன்ர மனிசிக்காகக் கட்டினது. மனிசி கப்பலே ஏறேல்லை! பிறகு ஆஸ்பத்திரி, பிறகு பள்ளிக்கூடம்...”

லைன் கரகரத்தது. “ஓமோம், கம்பளி! அதாலதான் வேர்க்குது!”

தொடர்பு அறுந்தது.

வேர்க்கிறதா? வசந்தினி மூன்று பெரிய ஏசிகளை வாடகைக்கு இறக்கினாள். சுவிட்சைப் போட்டதும் கோட்டை முழுக்கக் கரண்ட் போனது. மின்பெட்டியைத் தேடிப் பின்சுவர்க் கொடிகளை வெட்டினார்கள். உள்ளே, கை நுழையும் அளவுக்கு வெடிப்பு!

“மனுசன் சொன்னது சரி!” என்று வாய்பிளந்தாள்.

முதலாளி மெலனி அதைவிட அகலமாகப் பிளந்தாள். பார்க்க வந்த பொறியியலாளர், “இன்னொரு புயலுக்கு இது மண்டபத்துக்குள்ளேதான் விழும்” என்றார். இரண்டு வாரம் இரவுபகலாகத் திருத்தம் நடந்தது.

கடைசி வாரம் அங்கிள் அழைத்தார். “மாத்தேல்லை பிள்ளை, பழசே இருக்கட்டும். வெடிச்சது சரிவந்திட்டுது. எறிக்கும் மெலிஞ்சிட்டான்.”

எறிக் மெலிந்ததற்கும் கோட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. மடு மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்துகொண்டாள்.

கலியாண நாளன்று, வெடிப்பைக் கண்டுபிடித்ததற்கு நன்றியாக, விசாவுக்கான ஸ்பொன்சர் கடிதத்தை மெலனியே அவள் கையில் கொடுத்தாள். வசந்தினி நேரே சுவாம்பிள்ளையிடம் ஓடினாள்.

“அங்கிள், பின்பக்கம் வெடிச்சதை நீங்கள் சொல்லாட்டி இண்டைக்கு இருநூறு சனமும் கல்லுக்குள்ள! உங்களை எண்டைக்கும் மறக்கமாட்டன்.”

சுவாம்பிள்ளை திருதிருவென விழித்தார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி பற்றிமா, மாப்பிள்ளை எறிக்கைத் திருப்பி முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“நன்றியை எனக்கெல்லே சொல்லோணும் பிள்ளை! இவற்ர பழைய கலியாணக் கோட்டை ஊசிநூலால தைச்சு இவனுக்குப் போட்டுவிட்டது நான்தானே!”