ஸ்டேரிங் அண்ணனும் மயில்கழுத்து வண்டியும்

காஞ்சிபுரத்தில் வண்டியே இல்லாமல் வண்டி ஓட்டிய ஒரே மனிதர் எங்கள் ஸ்டேரிங் அண்ணன்தான். எத்தனையோ பெரியவர்கள் நடந்த ஊர் அது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கையில் வெறும் ஸ்டேரிங் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, ராஜ வீதி முனையில் வலது கையை நீட்டி சிக்னல் காட்டித் திரும்பிய இன்னொரு மனிதரைக் காட்டுங்கள், நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். தபால் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்திருந்தவளுக்கு யார் பெயர்தான் தெரியாது? ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவர் வீட்டுக்காரியே ஒரு நிமிஷம் யோசிப்பாள்.

அறுபதுகளின் கடைசி. எனக்கு வேலை கிடைத்துப் புதிதாக அந்த ஊருக்கு வந்து, நெசவுக்காரர்கள் தெரு ஒன்றில் ஒரு போர்ஷனில் குடியிருந்தேன். அடுத்த போர்ஷனில் அண்ணனும் அவர் வீட்டுக்காரி வசந்தா அக்காவும். அண்ணன் ஒரு அரிசி மில்லில் இருபது வருஷம் லாரி ஓட்டியவர். ஒருநாள் திடீரென்று வேலையை விட்டார். மறுவாரமே, ஏலத்தில் எடுத்ததாகச் சொல்லி, இரண்டு மாடுகளைப் பூட்டி ஒரு பழைய பிக்கப் வண்டியைத் தெருவுக்குள் இழுத்து வந்தார். உலக யுத்தத்தில் ஓடிய வண்டியாம். பார்த்தால் தோற்ற கட்சிக்கு ஓடினாற்போல இருந்தது. முன்பக்கம் குருவி கூடு கட்டியிருந்தது; பின்பலகையில் யார் வீட்டுக் கோழியோ முட்டையிட்டு வைத்திருந்தது.

இந்தப் பைத்தியத்துக்குக் காரணம் அவர் இல்லை, வசந்தா அக்கா. அக்காவின் அண்ணன் வாலாஜாபாத் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நிலபுலத்தோடு இருந்தார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு இவர்கள் இருவரும் மில் லாரியில் போய் இறங்கியிருக்கிறார்கள். பந்தியில் எல்லோர் எதிரிலும் அந்த மனுஷர், "ஊரான் வண்டியில வந்துட்டு மாப்ள எப்டி ஜம்முனு உக்காந்துக்கினு இருக்காரு பாரு" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். அக்கா பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்தாள். "சொந்த வண்டியில வந்தாதான் இனிமே இந்த வாசப்படிய மிதிப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்தவள்தான். அண்ணன் தங்கைக்குள் பேச்சும் இல்லை, போக்குவரத்தும் இல்லை.

"சபதம் அவ போட்டா, வண்டிய நான் தேடணும். எந்த ஊரு நியாயம்மா இது?" என்று ஸ்டேரிங் அண்ணன் என்னிடம் கேட்பார். கேட்டுவிட்டு மறுநாள் காலையிலேயே ஏதாவது உதிரிச் சாமான் தேடி மெட்ராஸ் பஸ் ஏறிவிடுவார்.

வண்டி ஒன்பது மாசம் தெருவில் அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்தது. கியர் பெட்டி கூடத்தில், பிரேக் சாமான்கள் சமையலறையில், ஹெட்லைட் இரண்டும் அக்காவின் அரிசிப் பானைக்குப் பக்கத்தில். காலை வேளையில் அந்தத் தெருவில் பாவு நீட்டுவார்கள். புடவைக்கு நீளவாட்டில் ஓடும் நூல்தான் பாவு. அதைத் தெரு நெடுக இழுத்துக் கட்டிச் சரிபார்ப்பார்கள். நடுவில் வண்டி மறித்துக்கொண்டு நின்றதால் முதல் மாசம் எல்லோரும் திட்டினார்கள். இரண்டாம் மாசம், கம்பம் நடுகிற வேலை மிச்சம் என்று வண்டியின் பின் பம்பரிலேயே பாவைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

கியர் பெட்டியை வண்டியில் ஏற்றிய பிறகு, அப்படிப் பாவு கட்டியிருந்த ஒரு காலையில்தான், ஒன்பது மாசமாக இருமிக்கொண்டிருந்த எஞ்சின் திடுதிப்பென்று பிடித்துக்கொண்டது. வண்டி ஒரு முழம் முன்னால் நகர்ந்தது.

"அய்யய்யோ பாவு! நிறுத்துபா, பாவு!"

பிரேக் இருந்தால்தானே நிறுத்துவது? அதுதான் சமையலறையில் இருக்கிறதே! ஏழெட்டுப் பேர் பாய்ந்து வந்து வண்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நல்ல காலம், ஒரு இழைகூட அறவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிய அண்ணன் தெருவில் உட்கார்ந்து அழுதார். பாவு தப்பித்த சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்து, "போவட்டும் விடுபா, ஒண்ணும் ஆவல" என்று எல்லோரும் தேற்றினார்கள்.

"அதில்லபா," என்று மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார், "ஓடிச்சு பாத்தியா? ஒரு முழம் ஓடிச்சுபா!"

பாக்கி இருந்தது பெயிண்ட்தான். செவிலிமேட்டில் ஒரு ஷெட் போட்டிருந்த ஆற்காட்டு பாயிடம் வண்டியை விட்டார். பாய் தொழிலில் கெட்டிக்காரர். பள்ளம் நிரவப் பட்டி பூசி உப்புத்தாளால் தேய்த்தார் என்றால் இரும்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். என்ன கலர் என்று கேட்டதற்கு அண்ணன் மடியிலிருந்து ஒரு பட்டுத் துண்டை எடுத்துக் கொடுத்தார். எங்கள் ஊரில் நிறத்தை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். சாயம் போடுகிறவரிடம் போனாலும் ஒரு துண்டைக் கொடுத்து "இதே மாதிரி" என்பதுதான் வழக்கம். அது அக்காவின் கல்யாணப் புடவையோடு வந்த ரவிக்கைத் துணியில் மிச்சம். மயில்கழுத்து நிறம்.

வண்டியை விட்டாரே தவிர ஸ்டேரிங்கைக் கழற்றிக் கையோடு கொண்டுவந்துவிட்டார். "இல்லாட்டி எவனாச்சும் ஒரு ரவுண்டு எடுத்துருவான்." அன்றிலிருந்துதான் அவர் ஸ்டேரிங் அண்ணன். அதை வீட்டிலும் வைக்கமாட்டார். காபி கிளப்பில் மேஜைமேல் வைத்து அதன் நடுவில் டம்ளரை வைத்துக் குடிப்பார். பெருமாள் கோயிலில் பட்டர் சடாரி வைக்க வந்தால் தலையைக் குனியாமல் ஸ்டேரிங்கை நீட்டுவார். பட்டரும் பழகிப்போய், முதலில் அதற்கு வைத்துவிட்டு அப்புறம் இவருக்கு வைப்பார். என் கவுன்டருக்குக் கார்டு வாங்க வந்தால், வரிசையில் அவருக்குப் பின்னால் இருப்பவர் இரண்டடி தள்ளித்தான் நிற்கவேண்டும்.

பாய் எப்போது கேட்டாலும், "இன்ஷா அல்லா, வர்ற வியாழக்கிழமை" என்பார். அதனால் ஒவ்வொரு வியாழக்கிழமையும் அண்ணன் வந்தவாசி பஸ் ஏறிச் செவிலிமேட்டுக்குப் போவார். டிரைவருக்கு நேர் பின் சீட்டு. மடியில் ஸ்டேரிங். பஸ் திரும்பினால் இவரும் திருப்புவார். சில சமயம் பஸ்ஸுக்கு முன்னாலேயே திருப்பிவிடுவார். ஒருநாள் டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பினார்.

"யோவ், நீ ஓட்றியா, நான் ஓட்டட்டுமா?"

"நீயே ஓட்டுபா. ஆனா அந்தப் பள்ளத்துல அப்டி ஒடிச்சிருக்கக் கூடாது" என்றார் அண்ணன்.

இப்படி வியாழக்கிழமைகள் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கல்யாணப் பத்திரிகை வந்தது. தபாலைப் பிரிக்கும்போதே மஞ்சள் தடவிய உறையில் வசந்தா அக்காவின் பெயரைப் பார்த்துவிட்டேன். தபால்காரருக்குக்கூடக் கொடுக்காமல் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அனுப்பியது அவள் அண்ணன். மூத்த மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையின் ஓரத்தில் பேனாவால், "அவசியம் வரவும்" என்று நடுங்கிய எழுத்தில் எழுதியிருந்தது. அக்கா அந்த இரண்டு வார்த்தையை எத்தனை தரம் படித்தாளோ, எனக்குத் தெரியாது.

"பதினோரு வருஷம் கழிச்சு எங்கண்ணன் கூப்ட்டுருக்கான்" என்றாள். "வண்டி வந்துருமில்ல?"

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. வண்டி வரவில்லை. அடுத்த வியாழக்கிழமை நான் லீவு போட்டுவிட்டு அண்ணனோடு ஷெட்டுக்குப் போனேன். வண்டி பட்டி பூசிய வெள்ளை உடம்போடு நின்றது. சுற்றிலும் பத்துப் பதினைந்து டப்பாக்கள், பாதி நீலம், பாதி பச்சை. பாய் இளைத்துப் போயிருந்தார்.

"அண்ணே, காலையில இந்தத் துணியப் பாத்தா நீலம். நீலம் கலந்து வெச்சுட்டு சாயந்தரம் பாத்தா பச்சை. எந்தக் கலரு, ஒண்ணு சொல்லுங்க."

"ஒண்ணுதான் பாய். மயில்கழுத்து."

"அதான், நீலமா பச்சையா?"

"நீ மயிலப் பாத்ததே இல்லியா?"

"பாத்துருக்கேன். அது நின்ன எடத்துல நிக்கல!"

அந்தத் துணியில் பாவு நீலம், குறுக்கே ஓடும் ஊடை பச்சை. இரண்டும் சேர்ந்து நெய்வதால் இப்படிச் சாய்த்தால் ஒரு நிறம், அப்படிச் சாய்த்தால் ஒரு நிறம். "பெயிண்ட்ல அது எப்டிண்ணா வரும்?" என்று கேட்டேன். "எங்க ஊர்ல வருதே" என்றார் அண்ணன். பிறந்ததிலிருந்து பட்டுக்கு நடுவில் வளர்ந்தவருக்கு, இரும்பில் பாவும் ஊடையும் கிடையாது என்பது மண்டையில் ஏறவே இல்லை. சரி, பேசாமல் நீலமே அடித்துவிடுங்களேன் என்றேன். அதுவரை சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"போஸ்ட்டம்மா, நீ போய் ஸ்டாம்பு கிழி" என்றார் அண்ணன். "குடுத்த துணிக்கு வேற கலர் அடிச்சா என் கை என்னாத்துக்கு?" என்றார் பாய்.

கல்யாணத்துக்கு முந்தின நாளும் வண்டி வரவில்லை. அக்கா பெட்டியில் புடவையை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். "வண்டி வரலன்னா நான் போமாட்டேன்மா" என்றாள் என்னிடம். "நான் போலன்னா எங்கண்ணன் இனிமே கூப்ட மாட்டான். அவனுக்கும் வயசாவுது. எனக்கும் வயசாவுது."  ஸ்டேரிங் அண்ணன் மூலையில் உட்கார்ந்திருந்தார். ஸ்டேரிங் தரையில் கிடந்தது. அவர் அதைக் கீழே வைத்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"வசந்தா, மில்லு லாரிய வேணா கேட்டுப் பாக்கட்டா?"

"கேட்டுத்தான் பாரேன்!" என்று அக்கா போட்ட போட்டில் மனுஷன் ஸ்டேரிங்கை மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கே ஸ்டேரிங்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். எட்டு மணி வாக்கில் தெருமுனையில் எஞ்சின் சத்தம் கேட்டது. நாங்கள் எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். அண்ணன் ஓட்ட, பக்கத்தில் பாய். என்ன பளபளப்பு! "நீலம் அள்ளுதுபா" என்று நான் கூவினேன்.

"என்னாது நீலமா? பச்சைம்மா! கண்ணு அவிஞ்சு போச்சா?" என்றார் எதிர்வீட்டு நெசவுக்காரர் எதிர்ச் சாரியிலிருந்து.

தெருவின் இந்தச் சாரி நீலம் என்றது, அந்தச் சாரி பச்சை என்றது. சண்டை முற்றி, அவர்கள் இங்கே வந்து, நாங்கள் அங்கே போய்ப் பார்த்தபிறகுதான் விஷயம் புரிந்தது. இடது பாதி நீலம், வலது பாதி பச்சை. பானட்டுக்கு நடுவில் இரண்டும் ஒரு மயிரிழை பிசகாமல் சேர்ந்திருந்தன. "துணிக்கு ரெண்டு பக்கம், வண்டிக்கும் ரெண்டு பக்கம்" என்றார் பாய். கண்கள் சிவந்திருந்தன. "நடந்துக்கினே பாருங்க, மாறும்."

 அண்ணன் அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா கல்யாணப் புடவையைக் கட்டியிருந்தாள். இடமிருந்து வலமாக வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். வலமிருந்து இடமாக இன்னொரு சுற்று. அப்புறம் முந்தானையை எடுத்து பானட்மேல் விரித்துப் பார்த்தாள்.

"இதான்யா என் பொடவ" என்றாள். "ஏறு, நேரமாவுது."

பாய்க்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

கல்யாணப் பந்தலுக்கு இரண்டு பக்கமும் கூட்டம். வண்டி நடுவில் புகுந்து போய் நின்றது. நாங்கள் இறங்கி உள்ளே போவதற்குள் அந்தக் கிராமம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது: காஞ்சிபுரத்துத் தங்கச்சி ரெண்டு வண்டியில வந்துருக்குது, ஒண்ணு நீலம், ஒண்ணு பச்சை! அக்காவின் அண்ணன் துண்டைத் தோளில் போட்டபடி ஓடிவந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"ரெண்டு வண்டியாமே வசந்தா?"

அக்கா கூசாமல், "ஆமாண்ணா" என்றாள். திருத்துவதற்கு வாயைத் திறந்த ஸ்டேரிங் அண்ணனின் காலை மிதித்தாள். அவள் அண்ணன் வண்டி எதையும் பார்க்கப் போகவில்லை. தங்கையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ மாட்டு வண்டியில வந்தா வேணாம்னா சொல்லப் போறேன், பைத்தியக்காரி" என்று சொல்லி எல்லோர் எதிரிலும் அழுதார். அக்கா அன்று பந்தியில் முழுச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தாள். பாயசத்தை இரண்டாம் தரம் பரிமாறியது அவள் அண்ணன்.

மத்தியானம் கிளம்பினோம். வழியனுப்ப வந்த அக்காவின் அண்ணன் அப்போதுதான் வண்டியை நேர் எதிரில் நின்று பார்த்தார். நீலத்தையும் பச்சையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னொரு வண்டி எங்க மாப்ள?" என்றார்.

"உங்க தங்கச்சிக்கு ஒண்ணு போதும் மச்சான்" என்றார் ஸ்டேரிங் அண்ணன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மேளக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

திரும்பும் வழியில் அக்கா அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பல ராத்திரித் தூக்கம் பாக்கி. பாதி வழியில் ஒரு பசுமாடு ரோட்டுக்கு நடுவில் படுத்திருந்தது. ஹாரன் அடிக்கப் போகிறார் என்று நான் பின்னாலிருந்து காதைப் பொத்திக்கொண்டேன். அவர் வண்டியை மெல்ல நிறுத்தினார். அக்காவின் தலையைத் தாங்கிச் சீட்டில் சாய்த்துவிட்டு, கதவுச் சத்தம்கூடக் கேட்காமல் இறங்கினார். நடந்துபோய் அந்த மாட்டின் காதுப்பக்கம் குனிந்து, "கொஞ்சம் தள்ளிப் போம்மா" என்று மெதுவாகச் சொன்னார், "அவ தூங்கிக்கினு இருக்கா."