இடது கால் சலங்கை

வலது கால் சலங்கை கழன்றுவிட்டது. இடது கால் சலங்கை கழல மறுத்தது. அதற்குள் ஞாயிறு ஆராதனைக்கு முதல் மணி அடித்துவிட்டார்கள்.

தேவசிகாமணி விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து, தன் காலைத் தானே தூக்கி முடிச்சைப் பல்லால் கடித்துப் பார்த்தான். முந்தின நாள் ஆற்றுமணலில் ஆடும்போது சாரலில் கயிறு நனைந்து இறுகியிருந்தது. அது மட்டும் என்றால் சமாளித்திருப்பான். முடிச்சுப் போட்டவர் ஹாலம் துரை. சீமையில் படகு விட்டுப் பழகியவர். வெள்ளத்தில் படகு போய்விடாமலிருக்கப் போடும் முடிச்சை அவர் மாணவன் காலில் போட்டிருந்தார்.

"துரையவே அவுக்கச் சொல்லுதது" என்றான் ஆவுடைநாயகம். வகுப்புத் தோழன். வண்ணார்பேட்டையிலிருந்து வேடிக்கை பார்க்கவென்றே நடந்து வந்திருந்தான்.

"துரை குத்தாலத்துக்குக் குளிக்கப் போயிட்டாக. நாளைக்குத்தான் வருவாக."

"அப்ப கத்தியக் கொண்டு அறு."

"கத்தி படக்கூடாதுன்னு சாமியாடி சுடலையாண்டி சொல்லியிருக்காரு."

"அது எங்களுக்குலா. நீ வேதக்காரன்தானலே."

"வேதக்காரன்தான்" என்றான் தேவசிகாமணி. ஆனால் கத்தியை எடுக்கவில்லை.

இதெல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷம், பாளையங்கோட்டையில் நடந்தது. ஹாலம் துரை அந்த மிஷன் கல்லூரிக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மனிதனை முழுமையாக்குவதே கல்லூரிப் படிப்பு என்பது அவர் கொள்கை. எப்.ஏ. வகுப்பில் தலைக்குத் தர்க்க சாஸ்திரமும் நாக்குக்கு இங்கிலீஷும் இருக்க, காலுக்கு மட்டும் பாடமில்லாதது அவரை வருத்தியது. ஆகவே சீமைக் கிராமங்களில் ஆடும் ஓர் ஆட்டத்தைப் பாடத்தில் சேர்த்தார். ஆறு ஆண்பிள்ளைகள் வெள்ளை உடுத்தி, முழங்காலுக்குக் கீழே மணி கட்டி, இரண்டு கையிலும் கைக்குட்டையை வீசிக்கொண்டு குதிக்க வேண்டும். வராவிட்டால் ஆஜர் குறையும்.

ஐந்து பேர் பந்தாட்டக்காரர்கள். ஆறாவது ஆள் தேவசிகாமணி. துரை ஆள் கேட்ட நேரத்தில், வெளியே போய்வர உத்தரவு கேட்கக் கையைத் தூக்கியிருந்தான்.

சீமையிலிருந்து மணிகள் வரத் தாமதமானதால், ஆற்றங்கரைச் சுடலைமாடன் கோயிலில் சாமியாடும் சுடலையாண்டியிடம் சலங்கை இரவல் வாங்கினார்கள். "துரைமாரும் சாமியாடப் போறாகளா? ஆடட்டும். கத்தி மட்டும் பட்டுரப்படாது, கேட்டியளா" என்று சொல்லிக் கொடுத்தார் அவர்.

தேவசிகாமணிக்கு இதில் ஆபத்து ஒன்று இருந்தது. அவன் படிப்பு சபை கொடுக்கும் உபகாரச் சம்பளத்தில் நடந்தது. குடிக்கவில்லை, புகைக்கவில்லை, நாடகம் பார்க்கவில்லை, ஆடவில்லை என்று கிருபைராஜ் ஐயர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போட வேண்டும். சபைக்கு அவர்தான் குருவானவர். இந்தத் தவணைக் கையெழுத்துக்கு அன்றுதான் கடைசி நாள். அது விழாவிட்டால் தேவசிகாமணி ஊருக்குப் போய், நூலில் சீமை லேசு பின்னிப் பிழைக்கும் தாயார் பாக்கியவதிக்கு முகம் காட்டிவிட்டு, அங்குள்ள பள்ளிக்கூடத்தில் சாகும்வரை அரிச்சுவடி சொல்லிக்கொடுக்க வேண்டியதுதான். முன்பு அந்த வேலையில் இருந்தவர் நாற்காலியிலேயே இறந்துபோனார். பிள்ளைகள் அதைக் கவனிக்க மத்தியானம் ஆயிற்று.

"தலையணையக் கிழி" என்றான் ஆவுடைநாயகம்.

தலையணையைக் கிழித்து இலவம்பஞ்சைச் சலங்கை மணிகளுக்குள் ஒவ்வொன்றாகத் திணித்தார்கள். மேலே பழைய வேட்டித் துணியைச் சுற்றினார்கள். தேவசிகாமணி கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, காலை மடக்காமல், மரக்கால் வைத்தவனைப் போல ஆராதனைக்குப் போனான்.

பாதி ஆராதனை நல்லபடியாக நடந்தது. சபையார் முழங்காலிட்டு மௌனமாக இருந்த இடத்தில் ஒரு மணி மட்டும் பேசிற்று. காணிக்கைப் பையில் பெரிய காசு விழுந்ததாக நினைத்து முன்வரிசைக்காரர் திரும்பி, மரியாதையாகத் தலையசைத்தார்.

வெளியே வந்ததும் ஐயர் பிடித்துக்கொண்டார். "காலுக்கு என்னலே?"

"சுளுக்கு, ஐயா."

"அப்ப வீட்டுக்கு வா. கையெழுத்தும் போடணும், சாரம்மாள் சுளுக்கும் எடுத்துருவா."

சாரம்மாள் ஐயரின் மனைவி. அவள் கையால் சுளுக்கெடுத்துக்கொண்டவர்கள், அடுத்த தடவை சுளுக்கினால் அவளிடம் சொல்வதில்லை. எண்ணெயைச் சுடவைத்துக் கொண்டுவந்து அவன் காலடியில் உட்கார்ந்தாள்.

"கட்ட அவுரு."

"அம்மா, இது சுளுக்கு இல்ல. சிரங்கு."

"சுளுக்குன்னு சொன்னியே."

"சிரங்கு வந்தது. அதச் சொறியப் போயி சுளுக்கிட்டு."

"வேப்பிலை போட்டு வெந்நி வச்சுத் தாரேன். அவுரு."

"தொட்டா ஒட்டிக்கிடும், அம்மா."

மேசையருகே இருந்த ஐயர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஒட்டிக்கிடுமா? அப்ப இவ்வளவு நேரமும் சனங்களோட சனமா உக்காந்திருந்தியே, எப்படி?"

தேவசிகாமணி காலை உள்ளே இழுத்துக்கொண்டான். "நான் ஆத்துல கழுவிட்டு வந்துருதேன், ஐயா" என்று எழுந்தான்.

தெருமுனை வரை பையத்தான் நடந்தான். அதற்குப் பிறகு கட்டு தளர்ந்து பஞ்சு உதிரத் தொடங்கியது. சத்தம் வெளியே கேட்பதற்குள் ஆற்றுக்குப் போய்விடலாம் என்று ஓடினான். ஓடினால் சலங்கை என்ன செய்யும் என்பதை ஓடின பிறகே யோசித்தான்.

படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். கறுப்புக் கோட்டு, வியர்த்த முகம், ஒற்றைக் காலில் சலங்கை, பின்னால் பறக்கும் பஞ்சு. மாரித்தாய் என்பவள் ஈரத்துணியோடு அவன் முன்னால் விழுந்தாள்.

"ஐயா, மாடசாமி. இன்னைக்கு இந்தக் கோலத்துலயா வந்திருக்கீரு."

"நான் சாமி இல்ல தாயி. காலேஜுல படிக்கேன்."

"சாமி படிக்காத படிப்பா" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"என் கிடேரி காணாமப் போயி மூணு நாளாச்சு. எங்கன நிக்குன்னு ஒரு வாக்குச் சொல்லும். சொல்லாமப் போவப்படாது."

அவள் அவன் இடது காலைக் கட்டிக்கொண்டாள். தேவசிகாமணி எந்தப் பக்கம் ஆள் இல்லாவிட்டால் தான் தப்பலாம் என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கமாகக் கையை நீட்டினான். எல்லோரும் கிழக்கே ஓடினார்கள்.

அவன் மேற்கே போய்த் தண்ணீரில் இறங்கிக் காலை ஊறவைத்தான். முடிச்சு இன்னும் கொஞ்சம் இறுகியது. மணிகளுக்குள் ஆற்று மண்ணை அப்பி, துணியைப் பிழிந்து சுற்றிக்கொண்டு, ஒருமணி நேரம் கழித்து ஐயர் வீட்டுக்குத் திரும்பினான்.

"கழுவிட்டியா?"

"கழுவிட்டேன், ஐயா. இப்பக் குணம்தான்."

ஐயர் பேனாவை மையில் தொட்டார். வாசலில் குலவைச் சத்தம் கேட்டது.

கிடேரி கிழக்கே ஒரு வாழைத்தோட்டத்தில் நின்றிருந்தது. இரண்டு முறை தர்க்கத்தில் தேறாத தேவசிகாமணி, வாழ்நாளில் சொன்ன ஒரே சரியான விடை அதுதான். முப்பது பேர், ஒரு சேவல், மஞ்சள்நீர்ச் செம்பு, கிடேரி எல்லாம் வாசலில் நின்றன.

"இங்கனதான் சாமி நுழைஞ்சதுன்னு சொன்னாக" என்றாள் மாரித்தாய். ஐயர் எழுந்து தடுப்பதற்குள் உள்ளே வந்து, செம்பிலிருந்த மஞ்சள்நீர் முழுவதையும் தேவசிகாமணியின் இடது காலில் ஊற்றினாள். மண் கரைந்தது. துணி சரிந்தது. சலங்கை பளிச்சென்று தெரிந்தது.

ஐயர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சாமியாடுதியாலே?"

"இல்ல ஐயா. இது இங்கிலீஷ் ஆட்டம். துரை சொல்லித்தாராக. பாடம்."

"ஆடிக் காட்டு."

ஆறு பேர் ஆட வேண்டிய ஆட்டத்தைத் தேவசிகாமணி தனியாக ஆடினான். கைக்குட்டையை வீசினான். எதிரே வராத ஆளுக்கு வழிவிட்டு விலகினான். குதித்தான். வாசலில் நின்றவர்கள் குலவையிட்டார்கள். சாரம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுல சாமி யாரு?" என்று கேட்டார் ஐயர்.

"சாமி கிடையாது, ஐயா."

"சாமியும் கிடையாதுன்னா, எதுக்குலே இப்படிக் குதிக்கது?"

"முழு மனுசன் ஆகதுக்கு, ஐயா."

ஐயர் அவனை மேலும் கீழும் பார்த்தார். எவ்வளவு ஆகியிருக்கிறான் என்று பார்த்தார் போலும். பிறகு மாரித்தாயைப் பார்த்து, "மாடு கெடச்சதுல எனக்கும் சந்தோசம்தான். கூட்டிக்கிட்டுப் போம்மா" என்றார். அவர்கள் போனதும் தேவசிகாமணி பக்கம் திரும்பினார்.

"உன்ன இன்னைக்கே அனுப்பிரணும். உங்க அம்மையை நெனச்சுச் சொல்லுதேன், கேளு. ஹாலம் துரை சின்னவுக, அவுக சொல்ல நான் எடுத்துக்கிட மாட்டேன். ஆனா அவுக தகப்பனார் சீமையில பெரிய குருவானவரு. அவுக பிரசங்கப் புஸ்தகத்தத்தான் இருவது வருசமா நான் தமிழ்ல சொல்லிக்கிட்டு வாரேன். இந்த ஆட்டத்துல பாவமில்லன்னு அவுக கையால ஒரு வரி எழுதி வரட்டும். கப்பல் தபால் போய்வர ஒன்றரை மாசம் ஆகும். அதுவரைக்கும் தவண கேட்டு நானே சபைக்கு எழுதுதேன். அந்த வரி வந்த அன்னைக்குக் கையெழுத்து. வரலன்னா நீ ஊருக்கு."

தேவசிகாமணி விடுதிக்குத் திரும்பும்போது சலங்கை ஒலித்தது. அவன் அதை மறைக்கவில்லை. ஒன்றரை மாதம் கழித்தாவது ஒரு நல்லது நடக்கும் என்பது அவனுக்கு அந்த வருஷத்தில் கிடைத்த முதல் சந்தோஷம்.

திங்கட்கிழமை காலை துரையின் பங்களாவுக்குப் போனான். குற்றாலத்திலிருந்து மூக்கு உரிந்து வந்திருந்த ஹாலம் துரை, இரண்டு விரலால் முடிச்சை இழுத்தார். அது உடனே அவிழ்ந்து விழுந்தது.

தேவசிகாமணி எல்லாவற்றையும் சொன்னான். துரையின் தகப்பனாரிடமிருந்து ஒரே ஒரு வரி வேண்டுமென்றான். துரையின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. வெயில் இன்று அதிகம் என்றார். உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

கையில் சலங்கையோடு தேவசிகாமணி நின்றான். அரைமணி ஆயிற்று. பின்வாசலில் துரையின் சமையல்காரர் மாரிக்கண்ணு பூட்ஸுக்கு மை தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னுமா நிக்கீய, தம்பி?"

"ஒரு வரி போதும், அண்ணாச்சி. அவுக அப்பாவுக்கு ஒரு காயிதம் எழுதணும்னு நீங்க கொஞ்சம் ஞாபகப்படுத்துங்களேன். என் படிப்பே அதுலதான் இருக்கு."

மாரிக்கண்ணு தாழிட்ட கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பெரியவுக எழுத மாட்டாக, தம்பி, இந்த ஆட்டத்த ஆடுனதுக்குத்தான மகனை வீட்ட விட்டு வெரட்டி, நம்மூருக்குக் கப்பலேத்தி விட்டிருக்காக."