சின்னத்துரைக்குப் பிடித்த பயம்

தனக்கும் பயம் பிடித்துவிட வேண்டும் என்று சிங்காரம் முடிவு கட்டினான். வேறு வழியில்லை. அந்த வீட்டில் பயந்தவனுக்குத்தான் முட்டை.

பயந்தது அவன் பெண்டாட்டி மணியம்மா வளர்த்த உடும்பு. தோட்டத்து உதவி மானேஜரைப் போல வேலை வெட்டி இல்லாமல் வெயில் காய்வதால் அதற்கும் சின்னத்துரை என்று பெயர். கொழுந்து கிள்ளப் போனாலும் கூடையில் அதுவும் போகும். வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் போட்டிருந்த காலம் அது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று தோட்டத்து கேட்டில் சோல்ஜர்கள் கூடை கூடையாகச் சோதிப்பார்கள். முந்தாநாள் ஒரு வெள்ளைக்காரப் பையன் மணியம்மாவின் கூடைக்குள் கையை விட்டான். தொட்டது அரிசியை அல்ல. அவன் போட்ட கூச்சல் பக்கத்து ஊரான கம்போங் ராஜா வரைக்கும் கேட்டது. துப்பாக்கி தானாக வெடித்து மேகத்தில் ஓட்டை விழுந்தது. சாயங்காலம் வரை அந்த ஓட்டை வழியாகத்தான் மழை பெய்தது.

சோல்ஜர் தேறிவிட்டான். சின்னத்துரைதான் கட்டைபோல் விறைத்துக் கிடந்தது. தண்ணீரைக்கூடத் தொடவில்லை.

மணியம்மா முட்டையை உடைத்து அதன் வாயருகே வைத்துக்கொண்டு அழுதாள். "தின்னுடா, என் ராசா!"

ரேஷன் காலத்தில் முட்டை! போகட்டும். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் சிங்காரத்தை அவள் ஒரு தடவைகூட ராசா என்றதில்லை.

அவன் வாசலிலேயே சரிந்தான்.

"என்னாங்க ஆச்சு?"

"வெடிச் சத்தம், புள்ள... இப்பத்தான் உள்ளாற எறங்குது."

"முந்தாநாள் வெடிச்சது இன்னிக்கா எறங்குது?"

"இது மலைலா! சத்தம் மெதுவாத்தான் எறங்கும்."

மணியம்மா அவன் நெற்றியைத் தொட்டாள். காய்ச்சல் இல்லை. கதகதவென்று நல்ல சூடு. அவள் முகம் மலர்ந்தது. அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டான், பாவம்.

"ஐயையோ, பெரிய பயம்லா இது! படுங்க. சட்டையக் கழட்டுங்க."

"முட்டை..."

"வரும். கண்ண மூடுங்க."

மூடினான். வயிற்றின் மேல் ஏதோ ஜில்லென்று வந்து படுத்தது. அதற்கு மேல் கம்பளி விழுந்தது.

"புள்ள! என்னா இது?"

"பயந்தவங்க ரெண்டு பேரையும் ஒண்ணாப் போட்டாத்தான் தெளியும். அசையாதீங்க. அசைஞ்சா பிடிச்சுக்கும். பிடிச்சா விடாது."

சிங்காரத்துக்கு இப்போது நிஜமாகவே பயம் வந்தது. வேர்த்துக் கொட்டியது. மூச்சைக் கிள்ளிக் கிள்ளி விட்டான். ஒரு மணி நேரம் கழித்து வயிற்றின் மேல் வால் அசைந்தது. பிறகு கால்கள். கம்பளிக்கு வெளியே ஒரு தலை நீண்டது, நாக்கு நீண்டது. முட்டை காலி.

"பொழச்சுட்டான்!" மணியம்மா அழுதுகொண்டே சிரித்தாள். சிங்காரத்துக்கும் கண் கலங்கிவிட்டது. இரண்டு நாளாக அந்தச் சனியன் அவன் மனசிலும்தான் கல்லாகக் கிடந்தது.

"தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரு நேத்தே சொன்னாருங்க. இது பயமில்ல, குளிருல வெறச்சுக் கிடக்கு, மருந்து வேணாம், ஆள் சூடுதான் வேணும், யாராச்சும் அசையாமப் படுக்கணும்னாரு. உங்கள எப்படிப் படுக்க வைக்கிறதுன்னு தவிச்சேன். நீங்களா வந்து விழுந்தீங்க."

சிங்காரம் எழுந்து நின்றான். "அது கிடக்கட்டும். என் முட்டை?"

"நல்லா நிக்கிற ஆளுக்கு எதுக்குங்க முட்டை?"