நல்லுறவுக் கூட்டமும் என் தங்கையின் கல்யாணமும்

போலீஸ் மீது எனக்கு எப்போதும் மிகுந்த மரியாதை உண்டு. அவர்கள் அடுத்த தெருவில் நிற்கும்போது அது அதிகமாகவும், என் வீட்டு வாசலில் நிற்கும்போது வெறும் நடுக்கமாகவும் இருக்கும். (எங்கள் காலனியில் எல்லோருக்குமே அப்படித்தான். ஒப்புக்கொள்கிறவன் நான் ஒருவன்.)

எழுபதுகளின் தொடக்கம். கிழக்குத் தாம்பரத்தில் புதிதாக முளைத்திருந்த காலனி. வாத்தியார்களும் ஆபீஸ் குமாஸ்தாக்களுமாக, ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதிப் பேர் சர்ச்சுக்கும் மீதிப் பேர் மார்க்கெட்டுக்கும் போகிற ஜனம். நாங்கள் சர்ச் கோஷ்டி. அந்தச் சமயம் திருட்டு கொஞ்சம் ஜாஸ்தி. கொல்லையில் கவிழ்த்து வைத்த அண்டா, கொடியில் காய்கிற வேட்டி என்று எது கிடைத்தாலும் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஒருவரும் ஸ்டேஷன் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அண்டாவோடு போகட்டும், மானமும் சேர்ந்து போக வேண்டாம் என்று இருந்துவிட்டார்கள்.

காலனி நலச் சங்கத்துக்கு நான்தான் இணைச் செயலாளர். கல்லூரிப் பேச்சுப் போட்டியில் வாங்கிய கோப்பையின் கிறக்கம் அப்போதும் தெளியவில்லை. ஒரு கூட்டத்தில் எழுந்து, “போலீஸ்காரர்கள் யார்? நம் சகோதரர்கள். அவர்களை அழைத்து ஒரு நல்லுறவுக் கூட்டம் நடத்தினால் திருடன் தானாக ஓடிவிடுவான்” என்று முழங்கினேன். பலத்த கைதட்டல். யார் வீட்டில் நடத்துவது என்று கேட்டதும் நின்றுவிட்டது. தலைவர் வீட்டில் பெயிண்ட் காயவில்லை. (அந்த வீட்டுக்குப் பெயிண்ட் அடித்து அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை.) பொருளாளரின் மனைவிக்கு அன்றைக்குத் தலைவலி வரவிருந்தது.

“தம்பி, உங்க வீட்டு வராந்தாதான் நல்லா காத்தோட்டமா இருக்கும்” என்றார் தலைவர். நான் உச்சி குளிர்ந்து ஒப்புக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம். மாலை வாங்கி, மிக்சர் வாங்கிக் காத்திருந்தோம். சப் இன்ஸ்பெக்டர் வரவில்லை. யாரோ மந்திரி அந்த வழியாகப் போகிறாராம், பந்தோபஸ்து. “போலீசை நம்பினா இப்படித்தான்” என்று சொல்லிக்கொண்டு, மிக்சரைக் காலி செய்துவிட்டு, எல்லோரும் பரம திருப்தியோடு கலைந்து போனார்கள்.

மறுநாள் சாயங்காலம் என் தங்கை கிரேஸைப் பெண் பார்க்கப் பல்லாவரத்திலிருந்து வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை டேனியல் பாங்க்கில் வேலை. அவருடைய அப்பா ஹெட்மாஸ்டர். அதற்கு முன் வந்த இடமெல்லாம் ஏதேதோ காரணத்தால் தட்டிப் போயிருந்தது. இதுவும் போனால் அப்பா உடைந்துவிடுவார் என்று அம்மா காலையிலிருந்தே என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் டாக்சியிலேயே வந்துவிட்டார்கள் போல என்று கைகூப்பியபடி ஓடினேன். ஜீப்பிலிருந்து சப் இன்ஸ்பெக்டர் இறங்கினார். பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள்.

“மன்னிச்சுக்குங்க சார், நேத்து வர முடியல. வார்த்தை குடுத்துட்டமேன்னு இன்னைக்கு வந்தேன்.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற போலீஸ் அதிகாரியை எங்கள் காலனி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது. அதற்கு அவர் இந்த நாளைத்தானா பிடிக்க வேண்டும்?

“சார், ஜீப்பைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தலாமா?”

“ஏன்?”

“வெயிலா இருக்கு சார்.”

அவர் வானத்தைப் பார்த்தார். மேகம் மூடிக் கிடந்தது. அதற்குள் தெருமுனையில் ஹெட்மாஸ்டரும் மனைவியும் மகனும் திரும்புவது தெரிந்தது. எனக்குக் கால் துவண்டுவிட்டது. கான்ஸ்டபிள்கள் இருவரும் நல்ல மனிதர்கள். “பாத்து சார்” என்று ஆளுக்கொரு பக்கமாக என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

தெருமுனையிலிருந்து பார்த்தவர்களுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. ஹெட்மாஸ்டர் நின்றார், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார், குடும்பத்தோடு வந்த வழியே விடுவிடுவென்று நடந்தார்.

நான் அழாத குறையாக விஷயத்தைச் சொன்னேன். சப் இன்ஸ்பெக்டரின் முகம் வாடிவிட்டது. “எனக்கும் பொண்ணுங்க இருக்கு சார். ஏறுங்க, போய்க் கூட்டிட்டு வந்துடலாம்” என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் என்னை ஏற்றி நடுவில் உட்கார வைத்துவிட்டார்கள். ஜீப் போகப் போக, தெருவில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

பஸ் ஸ்டாப்பில் ஜீப் நின்றதும் ஹெட்மாஸ்டர் இரு கைகளையும் கூப்பினார். “ஐயா, நாங்க இவங்களுக்குச் சொந்தம் இல்லீங்க. இனிமே ஆகப் போறதும் இல்ல.” அவருடைய மனைவி கண்ணை மூடி உரத்த குரலில் ஜெபிக்கத் தொடங்கினார். சப் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஆமென் வரைக்கும் காத்திருந்தார்.

“இன்னா கேசு? பாத்தா பட்ச்சவங்க மாதிரி கீறாங்க” என்று பூக்காரம்மா பக்கத்தில் நின்றவரை விசாரித்தார்.

நல்லுறவுக் கூட்டத்தின் கதை முழுவதையும் சப் இன்ஸ்பெக்டரே பொறுமையாகச் சொல்லி, அவர்களை ஜீப்பில் ஏற்றினார். பாதி வழியில் ஹெட்மாஸ்டருக்குத் தைரியம் வந்தது. அதோடு, கிடைத்த சந்தர்ப்பத்தை விடக் கூடாது என்ற எண்ணமும் வந்தது.

“இந்தக் குடும்பத்து மேல புகார் ஏதாச்சும்…?”

“ஒண்ணும் கிடையாது சார்.”

“வெளக்கு இல்லாம சைக்கிள்ல வந்து மாட்னவரு இவருதான் சார்” என்றார் வலது பக்கத்துக் கான்ஸ்டபிள். “பேரு கேட்டா, சங்கத் தலைவரு பேரைச் சொல்லிட்டுப் போனாரு.”

நான் ஜீப்பின் தரையை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

“பொண்ணு எப்படி?”

“தெரியாதுங்க சார். நல்லவங்க யாரையும் எங்களுக்குத் தெரியாது. யாராவது கூப்பிட்டாத்தானே தெரிஞ்சுக்க முடியும்?” என்றார் சப் இன்ஸ்பெக்டர். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

நாங்கள் திரும்பியபோது தலைவர் தன் வீட்டுக் கேட்டிலிருந்த சங்கத்தின் பெயர்ப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய்விட்டேன் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். என் வீட்டு வாசலில் அப்பா பேயறைந்தவர் போல நின்றார். கிரேஸ் மட்டும் காபித் தட்டோடு வெளியே வந்து, முதல் டம்ளரைச் சப் இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள். “உக்காருங்க சார். நேத்தே உங்களை எதிர்பார்த்தோம்.” அவள் கை துளிக்கூட நடுங்கவில்லை. என் கையிலிருந்த டம்ளர் டபராவில் தாளம் போட்டது. ஹெட்மாஸ்டரின் மனைவி இரண்டையும் பார்த்தார். காபி குடித்து முடிப்பதற்குள் சம்பந்தம் முடிவாகிவிட்டது.

அதன் பிறகு காலனியில் அண்டா காணாமல் போனால் ஸ்டேஷனுக்குப் போகாமல் என்னிடம் வந்தார்கள். “உங்களுக்குத்தான் அங்க வேண்டியவங்க இருக்காங்களே.” ஒவ்வொருவரையும் நானே அழைத்துக்கொண்டு போனேன். ஒரு நாள் பொருளாளரின் மனைவி அண்டாவோடு திரும்பி வந்து, “அவங்களும் மனுஷங்களாத்தான் இருக்காங்க” என்று ஆச்சரியப்பட்டார். நான் அன்று போட்டுத் தோற்ற கூட்டம், இப்படிச் சில்லறை சில்லறையாக நடந்து முடிந்தது.

இன்றும் வீட்டில் சின்னச் சண்டை வந்தால் டேனியல் பேரப்பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு, “நான் அன்னைக்கே திரும்பிப் போனவன். போலீசை வெச்சுப் புடிச்சுட்டு வந்துட்டாங்க” என்று முறையிடுவார்.

கிரேஸ் காய் நறுக்குவதை நிறுத்த மாட்டாள். “ஏங்க, உங்கப்பா வரமாட்டேன்னு நின்னுட்டு இருந்தப்போ, முதல் ஆளா ஏறி முன் சீட்ல உக்காந்தது யாரு? எங்கண்ணனையே கேளுங்க.”

எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். என்ன செய்வது, பார்த்ததைத்தானே சொல்ல முடியும். அவர்தான் ஏறினார். அப்போது சப் இன்ஸ்பெக்டர் இன்னும் ‘ஏறுங்க’ என்று சொல்லவே இல்லை.