சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் தொட்டி

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் ஆர்லன் அவர்களுக்கு,

அரிசோனா டிரெய்லர் முகாமிலிருந்து வெர்னன் எழுதுவது. இங்கு வெயில் நலம், நாய் நலம். அங்கே நெப்ராஸ்காவில் பனியும் உங்கள் முழங்கால் வலியும் குறைந்திருக்கும் என நம்புகிறேன். முதலில் உங்கள் மாடியறையைத் தூசி தட்டி வையுங்கள். உங்கள் தங்கை லோர்னா பெட்டி கட்டுகிறாள்.

காரணம், பிக்கப் வண்டியின் பின்னால் நாங்கள் இழுத்துவரும் டிரெய்லர் வீட்டின் கழிப்பறைத் தொட்டி. வந்து நின்றதும் குழாயை முகாமின் சாக்கடையில் மாட்டினேன். வால்வை மூடிவைத்து, தொட்டி நிரம்பியபின் திறக்கவேண்டும் என்பது ஊரறிந்த விதி. யார் குனிந்து நிமிர்வது என்று நான் திறந்தே விட்டுவிட்டேன். தண்ணீரெல்லாம் ஓடிப்போக, ஓட முடியாதது அங்கேயே உட்கார்ந்து, மேலே மேலே குவிந்து, கழிப்பறை வாய்வரை வந்து எட்டிப் பார்க்க, நாற்றம் தாங்காமல் நாயே வெளியே போய்ப் படுத்துக்கொள்ள, அக்கம்பக்கத்து டிரெய்லர்காரர்கள் மடக்கு நாற்காலியோடு வந்து வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள்.

அவர்களில் மூத்தவளான ட்ரூடி, "ஏம்ப்பா வெர்னன், தொறந்தே போட்டியா? நேத்து டிரெய்லர் வாங்கினவன்கூட இதப் பண்ணமாட்டானே. தண்ணிய ரொப்பி, ரெண்டு மூட்டை ஐஸ்கட்டியக் கொட்டி, மேடுபள்ளத்துல ஓட்டிட்டு வா. அலசி விட்டுடும்" என்றாள்.

ஓட்டினேன். தொட்டி சக்கரத்துக்குப் பின்னால் இருப்பதை யார் நினைத்தார்கள்? பின்பாரத்தில் டிரெய்லர் வாலை ஆட்ட, பிக்கப்பும் கூடவே ஆட, லோர்னா கைப்பிடியைப் பிடித்தபடி வாழ்நாளில் சொல்லாத சொற்களையெல்லாம் சொல்லிவிட்டாள். திரும்பி வந்து வால்வைத் திறந்ததும் எல்லாம் கடகடவென்று போனது. நாற்காலிக்காரர்கள் கைதட்டினார்கள். அவள் தட்டவில்லை. "இப்படியே இருந்தா இந்த வண்டியில நான் ஏறமாட்டேன்" என்றாள்.

காலையிலிருந்து பெரிய பெட்டியில் எதையோ அடுக்குகிறாள். நான் பள்ளிப் பேருந்து ஓட்டிய காலமெல்லாம் இருவரும் சேர்ந்து கண்ட கனவு இந்தப் பயணம், ஆர்லன். அவள் இல்லாமல் எனக்கு டிரெய்லர் எதற்கு? பேருந்து நிலையத்துக்கு நீங்களே போய் அழைத்துவாருங்கள். காப்பியைத் தண்ணியாகப் போட்டுக் கொடுக்காதீர்கள், அவளுக்குப் பிடிக்காது.

உங்களுக்கும் உங்கள் வீட்டம்மா மில்லிக்கும் என் வணக்கம். ஆண்டவர் உங்கள் வீட்டுக் குழாய்களை அடைப்பின்றிக் காக்கட்டும்.

இப்படிக்கு,
மனமுடைந்த வெர்னன்

பி.கு.: பெட்டியைத் தூக்கிக் கொடுக்கப் போனேன், அசையவில்லை. திறந்து பார்த்தால் இரும்பு வாணலிகள், பீன்ஸ் டின்கள், கட்டைகளைச் சாய்க்க உருட்டும் என் கனத்த பௌலிங் பந்து. எல்லாம் பின் அலமாரியில் இருந்தவை. "என்ன பாக்குற? முன்னாடி கட்டிலுக்கு அடியில தள்ளு, பின்பாரம் கொறையும். தொட்டிய நகத்த முடியாது, உன் குப்பையையாவது நகத்தலாம்ல? நாளைக்கு நியூ மெக்சிகோ கெளம்பணும். வால்வுப் பக்கம் மட்டும் நீ வராத" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தள்ளிவிட்டேன். தூசி தட்டிய அறையில் நீங்களே படுத்துக்கொள்ளுங்கள்.