கூரைப் பாலத்தில் இரண்டு மாமன்மார்

உலக நாகரிகத்துக்கு எம்மவர் அளித்த கொடைகளுள் தலையாயது எது என்று என்னைக் கேட்டால், 'பின்வாங்காமை' என்பேன். ரிவர்ஸ் கியர் வெள்ளைக்காரனின் பலவீனம். இதைச் சும்மா சொல்லவில்லை. 1993 ஆடியில் 'வரலாற்றுக் கூரைப் பாலங்கள் தரிசன யாத்திரை'யின் செயலாளராக இருந்து கண்ணால் கண்டவன் நான்.

யாத்திரைக்குக் காரணம் ஒரு தேங்காய். லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் கலாவதி அக்காவின் மகள் லலிதாவுக்கு ஆவணியில் கலியாணம். தாலி கட்டும் நேரம் தாய்மாமன் தேங்காய் உடைக்க வேண்டும். அக்காவுக்கோ இரண்டு சகோதரங்கள். "மூத்தவன் நான்" என்றார் மிச்சம் என்ற பகுதியில் இருக்கும் தில்லையம்பலத்தார். "இவையளை லண்டனுக்குக் கூப்பிட்டவன் நான்" என்றார் சட்டன் பகுதிக் கனகலிங்கத்தார். ஒருவர் உடைத்தால் மற்றவர் மண்டபப் படி மிதிக்கமாட்டாராம். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

மழைநாட்டில் நனையாமல் நின்று சமாதானம் பேசக் கூரைப் பாலமே உகந்தது என்று, இருவரையும் சேர்த்துவைக்கக் கூடிய எங்கள் கமிற்றி கண்டது. நாட்டுப்புறத்தில் மூன்று பழைய மரப்பாலங்களைத் தெரிவுசெய்தோம். "பாலத்தைப் பார்த்தெண்டாலும் ரெண்டு பேருக்கும் புத்தி வரட்டும்" என்றா அக்கா.

ஒரே மினிவானில் ஏற இருவரும் மறுத்ததால் இரண்டு வான். கனகலிங்கத்தாரின் வானில் அக்காவும் நானும் புட்டுப் பெட்டியும். முன்னால் போன தில்லையம்பலத்தார் திரும்ப வேண்டிய சந்தியைக் கோட்டைவிட்டார். வழி கேட்பது மூத்தவருக்கு அழகா? ஆற்றைச் சுற்றி அக்கரையால் வந்தார். முதலாவது பாலத்தில் ஒரு வண்டிதான் போகலாம். நட்டநடுவில் இரண்டு வானும் மூக்கு முட்ட நின்றன.

"அவரைப் பின்னால எடுக்கச் சொல்லு, அக்கா," என்று கனகலிங்கத்தார் எஞ்சினை நிறுத்தினார்.

"தங்கச்சி, முதல் ஏறினது நான்," என்று தில்லையம்பலத்தார் கண்ணாடியை இறக்கினார். "மூத்தவனும் நான்தான்."

உடனே அவசரக் கூட்டம் கூட்டினேன். 'இருவரும் ஒரே நேரத்தில் பின்வாங்குவது' என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஒரே நேரத்தில் யார் முதலில் பின்வாங்குவது என்பதில்தான் இழுபறி.

அக்கா நடுவில் நின்று புட்டுப் பரிமாறினா. இருவரும் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடியே சாப்பிட்டார்கள்.

"என்ரை பிள்ளையின்ரை கலியாணம், அண்ணை," என்று அக்கா அழுதா.

"சம்பல் இன்னும் கொஞ்சம் போடு," என்றார் அண்ணை.

அப்போது எங்களுக்குப் பின்னால் வைக்கோல் ஏற்றிய ஒரு ட்ரக்டர் வந்து நின்றது. டெரெக் என்ற கமக்காரர் இறங்கி வந்து பார்த்தார். யார் மூத்தவர், யாரில் பிழை, ஒன்றும் கேட்கவில்லை; அவ்வளவு விவரமில்லாத மனிதர். "நான் பின்னுக்கு எடுக்கிறேன்" என்று இங்கிலிசில் சொல்லிவிட்டு, இழுவைப் பெட்டியோடு வளைந்த ஒழுங்கையில் பின்னோக்கியே போனார்.

கனகலிங்கத்தார் கை கழுவ இறங்கிய நேரம் பார்த்து அக்கா சாரதி ஆசனத்தில் ஏறி, வானைப் பின்னால் எடுத்தா.

"எடுத்தது நானில்லை எண்டு கூட்ட மினிட்ஸில போடுங்கோ," என்றார் கனகலிங்கத்தார் என்னிடம். போட்டேன்.

ஒழுங்கை முனையில் அக்கா இறங்கிப் போய் டெரெக்கோடு நெடுநேரம் கதைத்தா. மற்ற இரண்டு பாலங்களும் எங்கள் தரிசனத்துக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஆவணியில் கலியாணம் நடந்தது. மாமன்மார் கொள்கை தவறவில்லை; மற்றவர் முதலில் விட்டுக்கொடுக்கட்டும் என்று மண்டபத்தின் இரு வாசலிலும் ஆளுக்கொருவராய் வெளியே நின்றார்கள். உள்ளே பட்டு வேட்டி, சரிகைத் தலைப்பா, வெயிலில் சிவந்த மூக்கு சகிதம் டெரெக் ஒரே போடில் தேங்காயை இரண்டாக்கினார்.

செயலாளர் என்ற முறையில் நான் ஆட்சேபம் தெரிவித்தேன். "அக்கா, இவர் எந்த முறையில தாய்மாமன்?"

"அவருக்குத் தமிழ் தெரியாது, முறை தெரியாது, தேங்காயும் புதுசு," என்றா அக்கா. "பின்னால எடுக்கத் தெரியும்."