ஊசி படாத தட்டைக் கவர்ந்த படலம்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளை மும்முடியாய்த் தாங்கி, பாறைமேல் பாறை அடுக்கி, வந்த பகைவரையெல்லாம் மாதக்கணக்கில் வெயிலில் காயவிட்ட செஞ்சிப் பேரூரிலே, திருவண்ணாமலைச் சாலையின் வடபால், பதினேழாம் எண் கரண்ட் கம்பத்தின் நிழல் விழும் இல்லத்தில் எழுந்தருளியிருக்கும் இசைத்தட்டு காத்த ஏந்தலே, முப்பத்திரண்டு ஆண்டுகள் படிதோறும் ஏறி கரண்ட் மீட்டர் படித்த மேலோனே, நாய்க்கடி நான்கு பெற்றும் புறமுதுகு காட்டாத பாவாடை மைந்தன் இளையபெருமாளே, உன் புகழ் பாடப் புகுந்தோம். (அந்த நான்கு கடியும் கெண்டைக்காலின் பின்புறத்தில் இருப்பது வேறு விஷயம்.) எங்கள் நாவுக்குத் தெம்பு கொடு. நினைவு தவறும் இடத்தில் வந்து கைகொடு. வர முடியாவிட்டாலும் பாதகமில்லை, அவ்விடத்தை நாங்களே இட்டுக்கட்டிக்கொள்கிறோம்.

நானூற்றுப் பன்னிரண்டு இசைத்தட்டுகளுக்கு அதிபதி நம் தலைவன். அவற்றுள் ஒன்றையேனும் அவன் கேட்டவனல்லன். தட்டுச் சுழற்றும் பெட்டியே அவன் வீட்டில் கிடையாது. சுழற்றினால் ஊசி படும், ஊசி பட்டால் தேயும், தேய்ந்தால் மதிப்பு இறங்கும். ஆதலால் பாட்டின் மேல் கொண்ட பெருமதிப்பால் பாட்டைக் கேளாதிருக்கும் கடுந்தவத்தை இருபது ஆண்டுகளாக இயற்றிவந்தான். அவன் மனையாள் தைலம்மாள் ஒருநாள், "இத்தினி பாட்டு இருக்குதே, ஒண்ணே ஒண்ணு போடேன்" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டு, அன்று மாலைவரை அதற்கான விளக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த விளக்கத்தின் சாரத்தை நீங்களும் சற்றே அருந்துங்கள். தட்டின் மதிப்பு குரலில் இருக்கிறது என்று நம்புவோர் பச்சைப் பிள்ளைகள். அது முதல் வார்ப்பில் பிறந்ததா, பின்னால் கூட்டத்தோடு கூட்டமாய் அடித்து இறக்கியதா என்பதே ஆதிக் கேள்வி. அதற்கு விடை, நடுவட்டக் காகிதத்தை ஒட்டிய வழவழப்பில் வார்த்தவர்கள் கீறிவைத்த எண்ணில் இருக்கிறது, அதைக் காண வெயிலில் சாய்த்துப் பிடித்து ஒற்றைக் கண்ணை மூட வேண்டும். வட்டக் காகிதம் சிவப்பா நீலமா என்பதில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்ற வீடுகள் உண்டு. உறையின் முனை மழுங்கினால் கால்வாசி போயிற்று. இவையெல்லாம்கூடப் பொறுக்கலாம், பெயர் எழுதிய தட்டைப் பொறுக்கலாகாது. கல்யாண வீட்டில் தட்டு மாறிப்போகாமலிருக்க அந்நாளைய மைக் செட்காரர்கள் பெயின்ட்டில் தம் பெயரை எழுதிவைத்தார்களே, அப்படிப்பட்ட தட்டுக்குப் பாதி மதிப்பு. ஆணியால் கீறியிருந்தாலோ, அது தட்டே அன்று, தட்டின் சடலம்.

இனி, மண்ணாளும் மன்னர்க்கெல்லாம் மகுடம் எதுவோ அதுவாக நம் தலைவனுக்கு விளங்கிய பொருளைக் கேளீர். கிளி மார்க் என்னும் கம்பெனி, ஐம்பது ஆண்டுகட்கு முன்பு, கோட்டை ராஜா கூத்தை ஐந்து தட்டுகளாக வெளியிட்டது. முதல் தட்டில் ராஜா பிறந்தார், இரண்டில் முடிசூடினார், மூன்றில் மணந்தார், நான்கில் போருக்குப் போனார். ஐந்தாவது தட்டு முழுக்க ஒப்பாரி. மஞ்சள் நீராட்டுக்கும் கல்யாணத்துக்கும் முதல் நான்கையும் குழல் ஸ்பீக்கரில் போட்டுப் போட்டு, பள்ளம் மேடெல்லாம் ஒன்றாகும்வரை தேய்த்தார்கள். ஐந்தாவதை எவனும் தொடவில்லை. வீட்டில் வைத்திருந்தாலே ஆகாது என்று கிணற்றில் எறிந்தவர்களும் உண்டு. ஆகவே ஒருவருக்கும் வேண்டாததாய் இருந்த ஒரே குற்றத்தால், அது ஊசி படாததாயும், கிடைப்பதற்கு அரியதாயும், சேகரிப்போர் அனைவரும் தூக்கத்தில் பிதற்றும் பொருளாயும் ஆயிற்று.

நம் தலைவனிடம் நான்கு இருந்தன. ஐந்தாவது இல்லை. ஆண்டுக்கொருமுறை விழுப்புரத்தில் ஒரு ஓட்டல் மாடியில் கூடும் தட்டுப் பெருமக்கள் அவையிலே, சென்ற ஆண்டு, அத்தனை பேர் நடுவில், திண்டிவனத்து வீரமணி வாயைத் திறந்து, "நாலு கால வச்சிக்கினு கட்டில்னு சொல்றியே, பலக எங்க பெருமாளு?" என்று கேட்டான். அவை சிரித்தது. இட்டிலி வைக்க வந்தவனும் சிரித்தான். அன்று முதல் நம் தலைவனுக்கு இட்டிலி இறங்கவில்லை. இவ்வாண்டின் அவை வரும் ஞாயிற்றுக்கிழமை.

வீரமணி யாரெனில், ஜெராக்ஸ் கடை நடத்தி, ஊரார் பத்திரங்களுக்கெல்லாம் நகலெடுத்துக் கொடுத்துவிட்டு, தனக்கு மட்டும் மூலப் பிரதிதான் வேண்டும் என்று திரியும் நகலெடுக்கும் நாயகன். அவ்வரிசையில் அவனிடம் ஒரு தட்டும் கிடையாது. ஐந்தாவதைக் கைப்பற்றி வைத்துக்கொண்டால் மற்ற நான்கும் ஒருநாள் தாமாகவே நடந்து தன் வாசலுக்கு வரும் என்பது அவன் ராஜதந்திரம்.

இருவருக்கும் ஒரே நாழிகையில் போர்முரசு கொட்டியது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில். செஞ்சியில் பந்தல், பாத்திரம், சவுண்ட் சர்வீஸ் மூன்றையும் வாடகைக்கு விட்டுவரும் ஆரோக்கியநாதனின் மருமகள் ஸ்டெல்லா, 'பழய சாமான் விற்பனைக்கு' என்று போட்ட படத்திலே, குண்டான்களுக்கும் கரண்டிகளுக்கும் பின்னால், உறையின் ஓரம் ஒன்று தெரிந்தது. ஓரத்தில் ஒரு கிளியின் வால் தெரிந்தது. வால் கண்டே கிளியறியும் வல்லவர் இருவரும் எழுந்தனர்.

வெள்ளிக்கிழமை காலை. சந்தைக்கு வந்த ஆடுகள் சாலையை அடைத்து நின்று, திண்டிவனத்துப் பேருந்தை மறித்து, அறியாமலே நம் தலைவனுக்குத் தூசிப்படையாய் உதவின. மொபெட் என்னும் புரவியேறி அவன் முதலில் கடைவாசலை அடைந்தான். ஆயினும் கால் மணி நேரத்தில், ஆட்டுப் புழுக்கை அப்பிய செருப்போடு வீரமணியும் வந்து நின்றான்.

"இன்னாய்யா பெருமாளு, இந்தப் பக்கம்?"

"குண்டான் ஒண்ணு பாக்கலாம்னு. நீ இன்னா?"

"சும்மா. கோட்டையப் பாக்க வந்தேன்."

கோட்டை எதிர்த்திசையில் இருந்தது.

இவ்விடத்தில் தட்டு சேகரிப்போர் போர்முறையை நீங்கள் அறிய வேண்டும். வேண்டும் பொருளைப் பார்க்கலாகாது. பார்த்தாலும் கண் நிற்கலாகாது. நின்றாலும் கொட்டாவி விட்டு மறைக்க வேண்டும். விற்பவர் உன் ஆசையை மோப்பம் பிடித்துவிட்டால் பொருள் உள்ளே போய்விடும், பிறகு அதை மீட்க ஏழு பிறவி வேண்டும். ஆகவே இரு பெருவீரரும், முக்காலியின் மேல் கிடந்த அந்த உறைக்கு முதுகு காட்டி அமர்ந்து, சல்லடைக் கரண்டிகளின் அழகை வியந்துகொண்டிருந்தனர்.

ஓரத்து நாற்காலியில், நாற்பதாண்டு காலம் குழல் ஸ்பீக்கரின் அடியில் உட்கார்ந்திருந்ததால் காது மங்கிய ஆரோக்கியநாதன், யாரும் கேளாமலே உரத்த குரலில் சொன்னார்: "அது எழவுப் பாட்டு சார். கண்ணாலத்துல போட முடியுமா? வாங்குனதுலேர்ந்து ஒறையவிட்டே எடுக்கல. பேருகூட எழுதல."

இளையபெருமாளின் உள்ளே ஆயிரம் யானைகள் பிளிறின. முகத்திலோ அவன் ஒரு கொட்டாவியை விட்டான். வீரமணி அதைவிட நீளமான கொட்டாவி ஒன்றை விட்டுப் பதிலடி கொடுத்தான்.

அப்போது ஸ்டெல்லா இரண்டு கண்ணாடி கிளாஸில் கொதிக்கும் டீயோடு வந்தாள். வைக்க இடம் தேடினாள். முக்காலியின் மேல், சதுரமாய், தட்டையாய், டீ கிளாஸ் வைப்பதற்கென்றே படைக்கப்பட்டதுபோல் உறை கிடந்தது. கை இறங்கியது. இரு குரல்கள் ஒரே மூச்சில் எழுந்தன.

"கையிலயே குடும்மா."

வாங்கினர். விளிம்பைப் பிடித்துத் தப்பிக்க இடங்கொடாத கிளாஸ்கள் அவை. அடிமுதல் நுனிவரை அனல். கீழே வைக்க முக்காலியைத் தவிர வேறிடம் இல்லை. பாசறை தீப்பற்றியும் கொடியை விடாத மறவர்போல், விரல் நுனிகள் சிவந்து, காதுமடல் வியர்த்து, "டீ நல்லா இருக்குதும்மா" என்று புன்னகைத்தபடி அந்த டீயை அவர்கள் குடித்து முடித்ததைக் கண்ட கரண்டிகள் இன்றும் சாட்சி சொல்லும்.

இனித் தாமதிக்கலாகாது என்று துணிந்த நம் தலைவன், தன் ஆயுள் முழுவதும் தீட்டிய சூழ்ச்சியை உருவினான். மூலையில் கிடந்த ஒரு குண்டானைத் தட்டிப் பார்த்து, "இதுக்கு மூடி இல்லியா?" என்றான்.

"மூடி எந்தப் பந்தல்ல போச்சோ, தெரியல சார்."

"மூடி இல்லாம எப்பிடிம்மா?" என்று நாற்புறமும் தேடி, கடைசியில், வேண்டா வெறுப்பாக, கால்நுனியால் முக்காலியைக் காட்டினான். "அதோ, அதுக்குள்ள கறுப்பா ஒரு தட்டு இருக்குமே. அதக் குடு. மூடியா வச்சிக்கிறேன்."

வீரமணியின் கொட்டாவி பாதியில் நின்றது. ஆயினும் அவன் லேசுப்பட்டவனா?

"அதுல நடுவுல ஓட்ட இருக்குதே பெருமாளு."

"ஆவி போவ வோணாமா?"

"ஏம்மா, அத எனக்குக் குடு. வூட்ல மணி பிளான்ட் தொட்டிக்கு அடியில வைக்கணும்."

ஸ்டெல்லா இருவரையும் பார்த்தாள். தட்டை உறையிலிருந்து ஐந்து விரலும் பதிய உருவி, குண்டானின் வாய்மேல் வைத்தாள். டங்கென்று பொருந்தியது. ஐந்து விரல் ரேகைகளும் நம் தலைவன் நெஞ்சிலே பதிந்தன. ஆயினும் ரேகை துடைத்தால் போகும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

"தொட்டிக்கு அடியில எதை வேணா வைக்கலாம் சார்," என்று அவள் வீரமணியிடம் சொன்னாள். "மூடி இல்லாத குண்டான நான் விக்க மாட்டேன். கடைக்குத்தான் கெட்ட பேரு."

தீர்ப்பு வழங்கப்பட்டது. வானுலகில் பூமாரி பொழிந்ததாகச் செய்தி. செஞ்சியில் யாரும் பார்க்கவில்லை. வாகை சூடிய இளையபெருமாள், வெற்றியைக் காட்டாமலிருப்பதே வெற்றியின் உச்சம் என்று எண்ணி, தட்டை ஏறிட்டும் பாராமல், "உறையும் கெடக்கட்டும், குடு. ரெண்டையும் இங்கயே வையி. வண்டியில கட்ட கயிறு வாங்கியாறேன்" என்று எதிர்க்கடைக்கு நடந்தான். அந்த நடையில் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இருந்தது: மாடிப்படி, அவை, ஐந்து தட்டுகள் வரிசையாய், இட்டிலி வைப்பவன் வாய்பிளந்து நிற்பது.

இங்கே கடையில், ஸ்டெல்லா பெயர் வெட்டும் மிஷினை எடுத்தாள்.

வாடகைப் பாத்திரம் விற்பவர்களுக்கு ஒரு தருமம் உண்டு. பாத்திரத்தில் கடையின் பெயர் இருக்கும்; வாங்கியவர் பெயரைப் பக்கத்தில் வெட்டிக் கொடுக்காவிட்டால், விருந்துக்கு எடுத்ததைத் திருப்பாமல் வைத்துக்கொண்டான் என்று ஊர் பேசும். வாங்கியவரின் மானத்தைக் காக்கும் அம்மிஷினின் ஊசி, விர்ரென்று பாடியபடி குண்டானின் கழுத்தில், மீட்டர் உள்ள வீடெல்லாம் அறிந்த பெயரை, இளையபெருமாள் என்று எழுதி முடித்தது.

"மூடிதான் சார் மொதல்ல காணாப்போவும்," என்று சொல்லிக்கொண்டே ஸ்டெல்லா கறுப்புத் தட்டை மடியில் கவிழ்த்தாள்.

வீரமணி பார்த்தான். அந்த நொடியில் அவன் மார்புக்குள் நடந்த போரின் முன்னே கோட்டைக்கு வந்த படைகளெல்லாம் பிள்ளை விளையாட்டு. ஒருபுறம், தட்டின் மேல் கொண்ட காதல், நால்வகைச் சேனையோடு நின்று, சொல், ஒரே ஒரு வார்த்தை சொல், ஊசி படாத கன்னித்தட்டு, இந்த மாவட்டத்திலேயே இது ஒன்றுதான் என்று கதறியது. மறுபுறம், பொறாமை, தனியாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றது. காதல் கண்ணீர் மல்க வாதாடியது. பொறாமை ஒன்றும் பேசவில்லை. வீரமணி தொண்டையைக் கனைத்தான்.

"இனிஷியல் உட்டுட்டியேம்மா," என்றான். "பா னா போடு. ஊர் பேரும் போடு. மீட்டர் ரிட்டயர்டுன்னு போட்டா அவருக்குப் பிடிக்கும். எடம் நெறய இருக்குது, சுத்தி எழுதலாம்."

கயிற்றோடு நம் தலைவன் வாசலை மிதித்தபோது, தேங்காய்த் துருவல் கறுத்ததுபோல் தரையெல்லாம் சுருள்கள் சிதறியிருக்க, பிறப்பு முதல் ஒருவர் செவிக்கும் எட்டாத அந்த ஒப்பாரியின் ஓரம் முழுக்க, வளைந்து வளைந்து, முத்து முத்தான எழுத்தில், 'பா. இளையபெருமாள், மீட்டர் (ரிட்டயர்டு), செஞ்சி' என்று ஓடியது.

"பேரு வெட்டுனது ஃப்ரீ சார்," என்றாள் ஸ்டெல்லா.

"எழுத்து நல்லா வந்திருக்குது பெருமாளு," என்றான் வீரமணி. "ஞாயித்துக்கிழம எடுத்துக்கினு வந்துடு."

இளையபெருமாளுக்கு அழவும் வழியில்லை. அழுதால், அது மூடியில்லை என்று ஸ்டெல்லாவுக்குத் தெரிந்துவிடும். மூடிக்காக எவன் அழுவான். இருபதாண்டுத் தவமும் நானூற்றுப் பன்னிரண்டு மௌனங்களும் அவன் நாநுனியில் வந்து திரண்டு, ராஜகிரி மூன்று முறை நடுங்கி, சங்கராபரணி ஆறு மணலுக்குள் ஒளிந்து, எட்டுத் திக்கும் என்ன சொல்வானோ என்று காதைத் தீட்டிக் காத்திருக்க, அவன் கயிற்றின் ஒரு முனையை வீரமணியிடம் நீட்டினான்.

"அந்தப் பக்கம் கெட்டியா புடி. குண்டான் ஆடுது."

மறுநாள் காலையில், நடு ஓட்டை வழியாக எறும்பு இறங்குகிறது என்று சொல்லி, தைலம்மாள் குண்டானுக்கு வேறு மூடி போட்டாள்.